மேட்டில் இருப்பவர் மட்டும் விலை கொடுப்பதா?

கேமரன் மலையின் மேம்பாடு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது: ஊர் வளர வேண்டுமா, ஆறு பிழைக்க வேண்டுமா? நீர்ப்பிடிப்புப் பகுதிக்கான கட்டுப்பாடுகளைப் பற்றிக் கேட்டால் இங்குள்ள கடைக்காரர் முகம் சுளிப்பார். அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம் என்று சொன்னால், கீழே வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களை இழந்தவர் கொதிப்பார். நடுவில் இருக்கும் உள்ளூராட்சி இரண்டு பக்கமும் தலையாட்ட வேண்டிய நிலையில் இருக்கிறது. இந்தக் கேள்வியே தவறாகக் கேட்கப்படுகிறது என்பது என் கருத்து. ஆற்றைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. அதற்கான செலவை யார் ஏற்பது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

நான் கியா பார்ம் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப் பள்ளி, இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. புவியியல் பாடத்தில் 'காவாசான் தாடாஹான் ஆயர்' என்று மலாயில் மனனம் செய்தபோது அது தேர்வுக்கான ஒரு சொல்லாக மட்டுமே தெரிந்தது. மழையைப் பாத்திரம் ஏந்திப் பிடிப்பது என்பதுதான் அந்தச் சொல்லின் கருத்து. தமிழிலும் நீர்ப்பிடிப்பு என்கிறோம். எங்கள் ஊர் அந்தப் பாத்திரத்தின் விளிம்பில் இருக்கிறது. பாத்திரத்தில் ஓட்டை விழுந்தால் முதலில் கீழே உள்ளவருக்குத் தண்ணீர் கெடும். ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்போ மேலே உள்ளவருக்கு.

முதலில், அந்தக் கட்டுப்பாடுகள் என்ன என்று பார்ப்போம். நாட்டின் தேசிய அமைப்புத் திட்டம், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலுள்ள நிலத்தைச் சுற்றுச்சூழல் அடிப்படையில் மிகக் கவனமாகக் காக்க வேண்டிய முதல் நிலையில் வைக்கிறது. 712 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கேமரன் மலை மாவட்டத்தில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. பிரிஞ்சாங், தானா ராத்தா ஆகிய நகரங்களும் அப்படித்தான். 1984-ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டம், நிரந்தர வனத்தின் ஒரு பகுதியை நீர்ப்பிடிப்பு வனமாக வகைப்படுத்த வழி செய்கிறது. 1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம், மலைச்சரிவு நிலத்தை அனுமதியின்றித் திறப்பதைத் தடுக்கிறது. இவற்றுக்கு மேல் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி மாவட்டத்துக்கென ஓர் உள்ளூர்த் திட்டமும் உண்டு. எங்கே வீடு, எங்கே விடுதி, எங்கே காய்கறித் தோட்டம், எங்கே காடு என்பதை அது சொல்கிறது.

இவையெல்லாம் காகிதத்தில் நல்லவையே. ஆனால் ஒரு மாவட்ட மன்றத்தின் நாற்காலியில் அமர்ந்து பார்த்தால் இவை வேறு மாதிரி தெரியும். ஊராட்சி மன்றத்தின் சொந்த வருமானம் பெரும்பாலும் மதிப்பீட்டு வரியும் உரிமக் கட்டணமும்தான். புதுக் கட்டடம் எழுந்தால் வரி கூடும். எழாவிட்டால் வரி அப்படியே இருக்கும். ஆனால் குப்பை அள்ளுவது, வடிகால் துப்புரவு செய்வது, சந்தையைப் பராமரிப்பது எல்லாம் நின்றுவிடாது. பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் வரை வாகனங்கள் ஊர்ந்து வருவதை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அத்தனை வாகனங்களில் வருபவர்கள் போடும் குப்பையை அள்ளுவதும் இங்குள்ள மன்றத்தின் வேலைதான். நிலமும் ஆறும் காடும் அரசியலமைப்பின்படி மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. நில வரி, நில உரிமத் தொகை ஆகியவை மாநிலக் கருவூலத்துக்குப் போகின்றன. சரிவு இடிந்தால் மக்கள் முதலில் போய் நிற்பது மாவட்டத்து வாசலில். இப்படிப்பட்ட மன்றம், "எங்கள் கையைக் கட்டிப்போட்டால் ஊர் எப்படி வளரும்?" என்று கேட்டால், அதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது.

அந்தக் கவலை தோட்டத் தமிழர்களுக்கும் உண்டு. தோட்டத்து வீடு வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒருவர், தான் உழைத்த மலையிலேயே ஒரு சிறு வீடு வாங்க நினைத்தால், நிலம் இல்லை. இருப்பதன் விலையோ விடுதி கட்டுபவருக்கு மட்டுமே கட்டுப்படியாகிறது. என் பெரியப்பா ஓய்வுக்குப் பிறகு ஈப்போ பக்கம் வாடகை வீட்டுக்குப் போனார். குளிரில் பழகிய உடம்பு அந்த வெயிலைத் தாங்கவில்லை என்று இன்றும் பெரியம்மா சொல்வார். எனவே, "கட்டாதே" என்று சொல்லும் ஒவ்வொரு விதியும் எங்களைப் போன்ற குடும்பங்களையும் தொடுகிறது. இதை மறைத்துவிட்டு நான் காட்டைப் பற்றி மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது.

ஆனாலும் அந்த விதிகளைத் தளர்த்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம், தளர்ந்து கிடந்த காலத்தின் விளைவை இந்த மாவட்டம் ஏற்கனவே பார்த்துவிட்டது.

பெர்த்தாம் ஆறு இயற்கையாக ஓடினால் தெலோம் ஆற்றோடு சேர்ந்து, ஜெலாய், பகாங் ஆறுகளின் வழியே தென்சீனக் கடலை அடைய வேண்டும். ரிங்லெட்டில் 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை அதை வழிமறிக்கிறது. தெலோம் ஆற்றின் நீரும் சுரங்கம் வழியே இந்தப் பக்கம் திருப்பப்படுகிறது. தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் இறங்கி, பேராக் பக்கத்தில் 100 மெகாவாட் திறனுள்ள சுல்தான் யூசோப் மின் நிலையத்தைச் சுழற்றுகிறது. பிறகு பத்தாங் பாடாங் வழியாக மலாக்கா நீரிணைக்குப் போகிறது. அதாவது எங்கள் மலையில் பெய்யும் மழை, மாநில எல்லையைத் தாண்டி, நாட்டுக்கே மின்சாரம் கொடுத்துவிட்டு, தனக்கு உரியதல்லாத கடலில் போய்ச் சேர்கிறது. 2016-இல் இயங்கத் தொடங்கிய 372 மெகாவாட் உலு ஜெலாய் திட்டமும் இதே மலையின் ஆறுகளைத்தான் நம்பியிருக்கிறது.

ரிங்லெட் நீர்த்தேக்கம் சுமார் 63 லட்சம் கன மீட்டர் கொள்ளளவோடு, பல தலைமுறைகளுக்கு உழைக்கும் என்ற எதிர்பார்ப்பில் கட்டப்பட்டது. மேலே காடு திறக்கப்பட்ட வேகத்தில் அந்தக் கணக்குப் பொய்த்தது. மண்ணும் மணலும் பிளாஸ்டிக் குப்பையும் ஆற்றோடு வந்து அணைக்குள் படிந்தன. தெனாகா நேஷனல் ஆண்டுக்கணக்கில் அதைத் தோண்டி எடுத்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மண் நின்றால், பெருமழையின்போது அணைக்குத் தாங்கும் இடம் குறையும். 2013 அக்டோபர் 23 அதிகாலையில் கனமழைக்குப் பின் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. வீடுகளும் வாகனங்களும் சேற்றில் புதைந்தன. ஓராண்டு கழித்து, 2014 நவம்பரில், வெள்ளமும் நிலச்சரிவும் மீண்டும் உயிர்களைக் கொண்டுபோயின. அதன் பிறகே சட்டவிரோதமாகத் திறக்கப்பட்ட நிலங்கள் மீது பெரிய அளவில் நடவடிக்கை தொடங்கியது.

காடு இதை எப்படித் தடுக்கிறது என்பதை இங்குள்ள ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மலைக்காட்டில் பெய்யும் மழை முதலில் இலையிலும் பாசியிலும் தங்குகிறது. பிறகு சருகில் ஊறி, மண்ணுக்குள் இறங்கி, நாள்கணக்கில் மெல்லக் கசிந்து ஓடைக்கு வருகிறது. காட்டை அகற்றிப் பிளாஸ்டிக் கூரை போட்டால் அந்த மழை மண்ணைத் தொடவே தொடாது. கூரையிலிருந்து வழிந்து, சில நிமிடங்களில் ஓடையை அடைந்து, வழியில் கிடக்கும் தளர்ந்த மண்ணையும் உரத்தையும் பூச்சிமருந்தையும் வாரிக்கொண்டு போகும். முற்றிய தேயிலைச் செடி மண்ணை ஓரளவு மூடிக் காக்கும். ஆனால் தேயிலைத் தோட்டங்களும் 1929 முதல் இங்கே காட்டை வெட்டித்தான் வந்தன என்பதை நாம் மறக்கக் கூடாது. பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு ஆகிவிடாது.

ஆக, விதி தேவை. ஆனால் விதியைச் சுமக்கும் தோள் யாருடையது என்று பாருங்கள். 2019 ஜூலையில் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டங்களை அமலாக்க அதிகாரிகள் அகற்றினார்கள். அது அரசு நிலம், குடிநீர் நிலையத்துக்கு நீர் தரும் இச்சாட் ஆற்றைக் காக்க வேண்டும் என்றது மாநில அரசு. பல ஆண்டுகளாக உழைத்த மண் இது என்றார்கள் விவசாயிகள். நீரைக் காப்பதில் மாநில அரசின் காரணம் சரியே. ஆனால் மலையில் பலரும் பயிரிடுவது, டி.ஓ.எல். என்று சொல்லப்படும் தற்காலிக அனுமதியை நம்பித்தான். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டு இந்த நிலம் என்னுடையதா என்றே தெரியாதவர், படிக்கட்டு வரப்பு அமைக்கவும் சேறு தேங்கும் குட்டை வெட்டவும் பணம் போடுவாரா? இந்த ஆண்டே எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுப்பார். மண்ணைக் காக்க வேண்டிய ஏற்பாடே மண்ணைச் சுரண்டத் தூண்டுகிறது.

இதே சிக்கலை வேறொரு நாடு எப்படிக் கையாண்டது என்று பார்த்தால் ஒரு வழி தெரியும். நியூயார்க் நகரம் தன் குடிநீரில் பெரும்பகுதியைக் கேட்ஸ்கில் மலைப் பகுதியிலிருந்து எடுக்கிறது. அதன் நீர்ப்பிடிப்பு நூறு மைலுக்கு மேலான தொலைவு வரை பரவியுள்ளது. நீரை வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் நீர்ப்பிடிப்பை முறையாகக் காக்க வேண்டும் என்று 1989-இல் அமெரிக்க மத்திய அரசு விதித்தது. வடிகட்டும் ஆலைக்குப் பல நூறு கோடி டாலர் ஆகும். ஆகவே நகரம் மலைக் கிராமங்களின் நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் கடுமையான விதிகளை 1990-இல் வரைந்தது. மலையில் இருந்த சிறு நகராட்சிகள் கொதித்தெழுந்தன. "உங்கள் குழாயில் நல்ல தண்ணீர் வர, எங்கள் ஊர் தேங்கிக் கிடக்க வேண்டுமா?" என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். 1991-இல் அவை கூட்டமைப்பாகத் திரண்டு நகரத்தை எதிர்த்தன.

ஆண்டுக்கணக்கில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின் 1997 ஜனவரியில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. நகரம் தன் விதிகளைக் கைவிடவில்லை. கிராமங்கள் அவற்றை ஏற்றன. ஆனால் நகரம் பணம் கொடுத்தது. வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளைச் சீர்செய்யவும், பண்ணைகளிலிருந்து அசுத்தம் ஓடைக்குப் போகாமல் தடுக்கவும் நிதி தந்தது. விற்க விரும்புபவரிடம் மட்டுமே நிலம் வாங்க ஒப்புக்கொண்டது. வாங்கிய நிலத்துக்கு உள்ளூராட்சிக்குச் சொத்து வரியும் கட்டுகிறது. மலைப் பகுதியின் பொருளாதாரத்துக்கென 6 கோடி டாலர் தனி நிதி உருவானது. இன்றும் அங்கே முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. நகரம் நிலம் வாங்கிக்கொண்டே போனால் எங்கள் பிள்ளைகளுக்கு வீடு கட்ட இடம் எங்கே என்று கேட்கிறார்கள். ஆனால் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். ஆலை கட்டுவதைவிட மலைக்குப் பணம் கொடுப்பது மலிவு என்று நகரமே கண்டுகொண்டது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி புதிதல்ல. சுங்கை மூடா நீருக்காகப் பினாங்கு ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி தர வேண்டும் என்று கெடா கேட்டதும், பினாங்கு மறுத்ததும் நாளிதழ் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஆற்றின் தலைப்பகுதியில் உலு மூடா காட்டை வெட்டாமல் வைத்திருப்பதால் எங்களுக்கு இழப்பு என்பது கெடாவின் வாதம். அதன் தொனி எப்படி இருந்தாலும் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. அதை ஒருவிதத்தில் ஏற்றுத்தான் மத்திய அரசு 2019-இல், காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கென 6 கோடி வெள்ளியில் ஒரு நிதி ஒதுக்கீட்டைத் தொடங்கியது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 25 கோடி வெள்ளியாக உயர்ந்தது. நல்ல தொடக்கம். ஆனால் அது எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. மாநிலத்துக்குப் போகும் பணம், சரிவுக்குக் கீழே வடிகால் வெட்டும் மாவட்டத்தின் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

ஆகவே மாவட்ட மன்றம் கேட்க வேண்டியது விலக்கு அல்ல, பங்கு. இந்த மலையின் நீரால் கிடைக்கும் மின்சார வருவாயிலிருந்தும் காட்டுக்கான நிதியிலிருந்தும் ஒரு நிலையான தொகை, காக்கப்பட்ட பரப்பைக் கணக்கிட்டு, மாவட்டத்துக்கு நேராக வர வேண்டும். அந்தக் கணக்கு ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். சட்டப்படி பயிரிடும் விவசாயிக்கு ஓராண்டு அனுமதிக்குப் பதிலாக நீண்ட காலக் குத்தகை கொடுக்கலாம். ஆற்றங்கரையில் இடைவெளி விட வேண்டும், சேற்றுக் குட்டை வெட்ட வேண்டும், மீறினால் குத்தகை ரத்து என்று நிபந்தனை போடலாம். வீடு கட்ட ஏற்கனவே திறக்கப்பட்ட சமமான நிலம் மிகக் கொஞ்சம்தான். அதில் முதல் உரிமை ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளருக்கும் உள்ளூர்க் குடும்பங்களுக்கும். விடுதிகள் அதற்குப் பிறகு வரிசையில் நிற்கட்டும். காய்கறிக்காரரின் கூரையைப் பிரிக்கும் அதே கை, சரிவை வெட்டும் பெரிய முதலாளியின் இயந்திரத்தையும் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் விதியின் மீது யாருக்கும் மதிப்பு இருக்காது.

பணம் வந்தால் வீணாகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான சந்தேகம்தான். நியூயார்க் உடன்பாட்டில் மலைக் கிராமங்களின் சார்பில் பேசியவர்கள் அந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். நம் நாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. நியமித்தவரிடம் போய் "எங்களுக்குப் பங்கு கொடு" என்று உரக்கக் கேட்பது எளிதல்ல. தெலோம், லெமோய் ஆறுகளின் கரைகளில் வாழும் செமாய் பூர்வகுடியினருக்கோ அந்தக் குரலும் இல்லை. ஆறு கலங்கினால் முதலில் மீனை இழப்பவர்கள் அவர்கள்தான். ஆகவே பேசும் பொறுப்பு பொதுமக்களாகிய நம் மீது கூடுதலாக விழுகிறது.

மாணவ நண்பர்களே, இதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு உருவாகும்போது அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. நான்கு வாரங்களுக்குக் குறையாத அவகாசமும் உண்டு. அந்த ஆவணம் மலாயில், வரைபடங்களோடு, கனமாக இருக்கும். தோட்டத்தில் வேலை செய்யும் நம் பெற்றோர் அதைப் புரட்டப் போவதில்லை. இரண்டு மொழியிலும் படித்த நாம் புரட்டலாம். எந்தச் சரிவு எந்த நிறத்தில் காட்டப்பட்டிருக்கிறது, நம் லயத்துக்கு மேலே என்ன வரப்போகிறது, வீடமைப்புக்கு எவ்வளவு நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை வீட்டில் தமிழில் சொல்லலாம். ஆட்சேபக் கடிதத்தை மலாயில் எழுதிக் கொடுக்கலாம். இதற்குப் பட்டம் தேவையில்லை. ஐந்தாம் படிவ மாணவர் ஒருவரால் முடியும்.

அந்தக் கடிதத்தில் "காட்டைத் தொடாதீர்கள்" என்று எழுதுங்கள். அடுத்த வரியிலேயே, "அதைக் காப்பதற்கான செலவில் எங்கள் ஊருக்கு உரிய பங்கைத் தாருங்கள்" என்றும் எழுதுங்கள். முதல் வரியை மட்டும் எழுதினால் என் பெரியப்பாவைப் போன்றவர்கள் மலையை விட்டு இறங்கிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவதை மட்டும் எழுதினால் அடுத்த பெருமழைக்குப் பெர்த்தாம் பள்ளத்தாக்கு மீண்டும் விழித்திருக்க வேண்டியிருக்கும்.